ஈப்பச்சன் கொடுத்த சம்மதம்

கோழஞ்சேரிச் சந்தையில் ஈப்பச்சன் கேமராப் பையோடு நடந்துபோனால் எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொல்வதற்கு முன்னால் "யாரு?" என்றுதான் கேட்பார்கள். யார் செத்தது என்று அர்த்தம். கல்யாணத்துக்கும் அவர் படம் எடுத்தார், ஞானஸ்நானத்துக்கும் எடுத்தார். ஆனாலும் ஊர் அவரைச் சாவுப் படக்காரராகவே வைத்திருந்தது. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கல்யாணப் படம் எடுக்கத் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். சாவு வீட்டில் கை நடுங்காமல் நிற்க அவர் ஒருவர்தான்.

சவப்பெட்டி விற்கும் குரியாக்கோஸ் அவரோடு ஒன்றாகப் படித்தவர். கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிறவரைக் கூப்பிட்டு வம்புக்கு இழுப்பார்.

"எடா ஈப்பச்சா, நான் குடுக்குற சரக்கு நேரா மண்ணுக்குள்ள போயிடுது. உன் சரக்கு மட்டும் பிளேன் ஏறாமலே அமெரிக்கா போகுது. கெட்டிக்காரன்டா நீ."

"உன் பெட்டியில படுத்தவன் எவனாவது எழுந்து வந்து குறை சொல்லியிருக்கானா? என் படத்துக்குக் குறை சொல்ல உலகம் பூரா ஆள் இருக்கு," என்பார் ஈப்பச்சன்.

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் எல்லாரும் ஊரில் இருக்கும் வீடு என்று ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஒருவர் இறந்தால், குவைத்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை ஆஸ்பத்திரியில் குளிரில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். அப்படியும் வர முடியாதவர்கள் இருப்பார்கள். லீவு கிடைக்காத நர்ஸ், பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு முழிக்கிறவன், மாசமாக இருக்கிற மகள். அவர்களுக்கெல்லாம் ஈப்பச்சனின் கேமராதான் கண். அவர்கள் எதைப் பார்க்கத் தவிப்பார்கள் என்று முப்பது வருடத்தில் அவருக்கு அத்துப்படியாகியிருந்தது. முகத்தை மட்டும் காட்டினால் ஆறாது. இறந்தவரின் வெள்ளைக் கையுறை போட்ட கைகளில் கேமரா கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், அந்தக் கைகள் பிடித்திருக்கும் சிலுவையில் நிற்க வேண்டும், காலுறை போட்ட பாதங்களில் நிற்க வேண்டும். 'அம்மாவுக்கு எந்தச் சேலை கட்டினீங்க?' என்று பின்னால் போனில் கேட்பார்கள் என்பதால் சேலைக் கரையை விடக் கூடாது. குடும்பம் முழுவதும் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுக்கும்போது, தலைமாட்டைச் சற்றுத் தூக்கிப் பிடிக்கச் சொல்வார். இறந்தவர் முகமும் மற்றவர்கள் முகத்தோடு சேர்ந்து தெரிய வேண்டும். அவரும் அந்தக் குடும்பத்தில் ஒருவர்தானே.

அவரிடம் இருபத்து நாலு வருடத்துச் சாவுகள் இருந்தன. கேசட், குறுந்தகடு, ஹார்ட்டிஸ்க், ஆல்பம் என்று கடையின் கீழ்த்தளத்தில் இரண்டு இரும்பு அலமாரி நிறைய. இரண்டாயிரத்துப் பதினெட்டாம் வருடம் ஆகஸ்டு மாதம், சுதந்திர தினத்தன்று, பம்பை ஆறு கடைக்குள் வந்தது. மூன்று நாள் கழித்து வடிந்தபோது அலமாரிக் கதவை அவரும் மனைவி சோசாம்மாவும் சேர்ந்து இழுத்துத் திறந்தார்கள். உள்ளே சேறுதான் இருந்தது. சோசாம்மா ஒவ்வொரு கேசட்டாகத் துடைத்து மொட்டை மாடியில் பத்து நாள் காயவைத்தாள். ஒன்றுகூட ஓடவில்லை.

அதற்குப் பிறகு ஆறு மாதம் அவர் பட்ட பாடு பெரிது. வெள்ளத்தில் சொந்த வீட்டு ஆல்பத்தைப் பறிகொடுத்தவர்கள் எல்லாரும் ஈப்பச்சனிடம் காப்பி இருக்கும் என்று நம்பி வந்தார்கள். "எங்க அப்பச்சன் படம் இருக்கா?" "இல்ல." "எங்க மூத்தவன் போனப்போ எடுத்தீங்களே?" "அதுவும் இல்ல." இந்த 'இல்ல'யைச் சொல்லிச் சொல்லி மனுஷர் பாதியாக இளைத்துப் போனார். இனி வீட்டிலோ கடையிலோ ஒரு பொருளும் வைப்பதில்லை என்று அப்போது முடிவு செய்தார். தண்ணீர் ஏறி வராத இடம் எது என்று தேடினார். கிளவுட் என்றார்கள்.

ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அதை விற்றது. ஒரே தடவை பணம் கட்டினால் ஆயுள் முழுக்க இடம் உங்களுடையது, உங்கள் நினைவுகள் எங்களிடம் என்றென்றும் பத்திரம் என்று விளம்பரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் சிரித்தார்கள். அதற்கொரு ஒப்பந்தம் இருந்தது. இங்கிலீஷில், பொடி எழுத்தில், கட்டைவிரல் வலிக்கத் தள்ளித் தள்ளிப் போனாலும் முடியாத நீளத்தில். ஈப்பச்சன் படிக்கவில்லை. நாம் யார்தான் படித்திருக்கிறோம்? கடைசிவரை தள்ளி, 'சம்மதம்' என்ற இடத்தில் அமுக்கினார்.

சோசாம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க வெச்சா வெள்ளம் ஏறாதுல்ல?"

"ஏறாது."

"அப்போ சரி. இன்னொரு தடவை கேசட்டு தொடைக்க என்னால ஆகாது."

அன்றிலிருந்து எடுத்த படங்களை எல்லாம் அங்கே ஏற்றிவிட்டு, கேமராவின் மெமரி கார்டை அழித்து அடுத்த வேலைக்குப் பயன்படுத்தினார். குடும்பங்களுக்கு ஒரு லிங்க் அனுப்பினார். "காப்பி எதுவும் எடுத்து வெச்சுச் சிரமப்பட வேண்டாம். நான் போனாலும் இது இருக்கும்," என்று அவரே எல்லாரிடமும் சொன்னார். வெள்ளத்தில் அடிபட்ட மனுஷன் சொன்னதால் எல்லாரும் நம்பினார்கள்.

இருபத்தொன்றாம் வருடம் ஜூன் மாதம், ஊரடங்கு நேரத்தில், அடுப்படியில் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்த சோசாம்மா தலை வலிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கொரோனா இல்லை, தலைக்குள் நரம்பு வெடித்தது என்றார்கள். அவர்களுக்கு ஒரே மகள், பின்ஸி. குவைத்தில் நர்ஸ். இந்தியாவிலிருந்து யாரையும் உள்ளே விடாத நேரம் அது. கிளம்பி வந்தால் வேலைக்குத் திரும்ப வழியில்லை. அவளுடைய வார்டிலோ படுக்கைக்குப் படுக்கை சாவு. தகவல் சொன்னபோது அவள் அழவில்லை. இதை மட்டும் சொன்னாள்:

"பப்பா, வேற யாரையும் எடுக்க விடாத. நீயே எடு. நீ எடுத்தாத்தான் அம்மா முகம் சரியா வரும். நான் இப்போ லைவ்ல பாக்க மாட்டேன், டூட்டியில என்னால முடியாது. வீட்டுக்கு வந்து உன் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்."

அவர் எடுத்தார். முப்பத்து நாலு நிமிடம் வந்தது. 'சோசாம்மா' என்று பேர் போட்டு மற்றவர்களோடு அதையும் மேலே ஏற்றினார். மகள் வராமல் தான் மட்டும் பார்ப்பது சரியில்லை என்று அதை அவர் திறக்கவே இல்லை.

மறு வருடம் ஆண்டு நினைவுக்குப் பின்ஸி வந்தாள். இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். படத்தின் ஆரம்பத்தில் வீட்டு வாசலும் அங்கே கழற்றிப் போட்ட செருப்புகளும் தெரிந்தன. "வேண்டாம் பப்பா, நிறுத்து. அடுத்த தடவை," என்று எழுந்து போய்விட்டாள். அவரும் வற்புறுத்தவில்லை. எங்கே ஓடிப்போகிறது, என்றென்றும் இருக்கிற படம்தானே.

அதற்கு இரண்டு வருடம் முடியும் முன்னே, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு காலத்தில் ஆலீஸ் டீச்சர் இறந்தார். பாதி ஊருக்கு அவர்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். மகன்கள் வந்துவிட்டார்கள். மகள் ரீனா டல்லாஸில் எட்டு மாதக் கர்ப்பம், விமானத்தில் ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்காக ஈப்பச்சன் அந்தக் கிளவுட் கம்பெனி வழியாகவே தேவாலயத்திலிருந்து லைவ் போட்டிருந்தார்.

எங்கள் வழக்கத்தில் கடைசி முத்தம்தான் முக்கியம். பாதிரியார் ஜெபத்தை முடித்துச் சைகை காட்டியதும் குடும்பத்தார் ஒவ்வொருவராக வந்து நெற்றியில் முத்தம் கொடுப்பார்கள். எல்லாரும் கொடுத்து முடித்ததும் அவர் வெள்ளைத் துணியால் முகத்தை மூடுவார். மூடிய முகத்தை யாருக்காகவும் மறுபடி திறப்பது கிடையாது. கவர்னரே வந்தாலும் கிடையாது.

பாதிரியார் சைகை காட்டினார். மூத்த மகன் குனிந்தான். அந்த நேரம் பார்த்து ஈப்பச்சனின் திரை வெள்ளையாகிப் போனது. 'எங்கள் விதிமுறைகள் மாறியிருக்கின்றன' என்று மேலே கம்பெனியின் பெரிய எழுத்தில் இருந்தது. கீழே பொடி எழுத்து, பழையபடி முடியாத நீளத்துக்கு. அடியில் இரண்டே பொத்தான்கள். ஒன்று, சம்மதம். இன்னொன்று, கணக்கை மூடி அதிலிருப்பதை எல்லாம் அழித்துவிடு. 'வேண்டாம், பழையபடியே இருக்கட்டும்' என்று சொல்ல மூன்றாவது பொத்தான் கிடையாது. பாக்கெட்டில் இன்னொரு போன் துடித்தது. ரீனா.

"ஈப்பச்சாயா, படம் போயிடுச்சு! அம்மா முகத்த மூடிட்டாங்களா? சொல்லுங்க, மூடிட்டாங்களா?"

"இல்ல மோளே, இல்ல, இதோ வருது," என்று கிசுகிசுத்துவிட்டு, ஈப்பச்சன் சம்மதத்தை அமுக்கினார். படம் திரும்பி வந்தது. இளையவன் குனிந்துகொண்டிருந்தான். டல்லாஸில் ஒரு பெண் போன் திரையில் உதட்டை வைத்து அழுததை அவர் காதால் கேட்டார். சரியான நேரத்தில் அமுக்கினோம் என்று அன்று முழுக்க அவருக்குத் திருப்தியாக இருந்தது.

நாற்பதாம் நாள் ஜெபத்தன்று ரீனா மறுபடி கூப்பிட்டாள். குழந்தை பிறந்திருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்க லிங்க்கைத் திறந்தாளாம், இப்படி ஒன்று இல்லை என்று வருகிறதாம். ஈப்பச்சன் தன் கணக்கைத் திறந்தார். கல்யாணங்கள் இருந்தன. ஞானஸ்நானங்கள் இருந்தன. குரியாக்கோஸின் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியதுகூட இருந்தது. சாவுகள் மட்டும் இல்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு சாவுகளில் ஒன்றுகூட இல்லை. 'சோசாம்மா' என்று தேடினார். மகளின் கல்யாணத்தில் சோசாம்மா பந்தி பரிமாறுவது வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

கம்பெனிக்கு எழுதினார். எட்டு நாள் கழித்து ஒரு பதில் வந்தது. வணக்கம் இருந்தது, நன்றி இருந்தது, நீங்கள் ஏற்றுக்கொண்ட விதிமுறைகளைப் பார்க்கவும் என்று இருந்தது. எங்கள் சேவை உங்களுக்குப் பிடித்திருந்ததா, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது அந்த அமைதியான மனுஷர் வாயிலிருந்து வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

பத்தனம்திட்டையில் சுஜா வக்கீல் இருந்தாள். அவளுடைய அப்பாவின் அடக்கத்தையும் ஈப்பச்சன்தான் எடுத்தார். முதலில் அதைத்தான் சொன்னார்: "உங்க அப்பச்சன் படமும் போச்சு, மோளே. மன்னிச்சுக்கோ." அவள் போனை வாங்கி அந்த ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து படித்தாள். படித்து முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது.

"ஈப்பச்சாயா, புதுசா ஒண்ணு சேத்திருக்காங்க. செத்த மனுஷ உடம்பக் காட்டுற படம் பாக்குறவங்க மனச நோகடிக்குமாம். அதனால கூடாதாம். சம்மதிச்சு முப்பது நாளுக்குள்ள நீங்களே எடுத்துடணும், இல்லாட்டி அவங்க அழிச்சுடுவாங்க."

"மனச நோகடிக்குமா? பெத்த தாய் முகமா?"

"அவங்க யாரோட அம்மாவையும் நெனச்சு எழுதல. மெஷின் பாக்குது, மெஷின் அழிக்குது."

"ஆயுள் முழுக்கன்னு சொல்லித்தானே பணம் வாங்கினாங்க? அந்தப் பேச்சு என்னாச்சு?"

"அதுவும் இங்க இருக்கு. பதினாலாவது ஷரத்து. எப்ப வேணாலும், எதை வேணாலும், அவங்க இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்னு முதல் நாளே எழுதி வெச்சிருக்காங்க. அதுக்கும் நீங்க சம்மதம் குடுத்திருக்கீங்க."

ஈப்பச்சன் யோசித்தார். "நான் எத்தன கல்யாணம் எடுத்திருக்கேன், சுஜா. பையன்கிட்ட ஒரு தடவை கேப்பாங்க, பொண்ணுகிட்ட ஒரு தடவை கேப்பாங்க. தாலி கட்டின பிறகு பையன் மட்டும் தனியா நின்னு சத்தியத்த மாத்திச் சொன்னா அதுக்குப் பேரு கல்யாணமா?"

"இல்லதான். ஆனா இதுக்கு ஒப்பந்தம்னு பேரு வெச்சிருக்காங்க."

"அன்னைக்கு நான் அமுக்காம இருந்திருந்தா?"

"லைவ் நின்னிருக்கும். முப்பது நாள் கழிச்சு எப்படியும் அழிச்சிருப்பாங்க. தொடர்ந்து பயன்படுத்தினாலே சம்மதம்தான்னு எழுதியிருக்கு." சுஜா போனைத் திருப்பிக் கொடுத்தாள். "கேஸ் போடலாம். அவங்க ஊர்லதான் போடணும்னு இதுல இருக்கு, இங்கயும் போட்டுப் பாக்கலாம். நான் காசு வாங்காம நடத்துறேன். ஜெயிச்சாலும் நஷ்டஈடுதான் கிடைக்கும். படம் கிடைக்காது."

"அப்போ எதுக்கு?" என்றார் ஈப்பச்சன்.

மற்றக் குடும்பங்களுக்கெல்லாம் அவரே நேரில் போய்ச் சொன்னார். பூட்டிக் கிடந்தவை போக மொத்தம் இருநூறு வீடு ஏறினார். சிலர் திட்டினார்கள், சிலர் டீ கொடுத்தார்கள். ஒரு கிழவர் மட்டும், "நீதானே காப்பி வேண்டாம்னு சொன்ன," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அது அவரை அறுத்தது. எல்லா வீட்டுக்கும் போனவரால் மகளிடம் மட்டும் சொல்ல முடியவில்லை. வாரத்துக்கு மூன்று முறை அவள் போன் செய்தாள். ஒவ்வொரு முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவார்.

"ஜூன்ல வர்றேன் பப்பா. இந்தத் தடவை கண்டிப்பா பாக்கணும்," என்றாள் ஒருநாள். "அம்மா முகம் எனக்கு மறந்து போயிடுமோன்னு பயமா இருக்கு. சிரிச்ச முகம் போட்டோவுல இருக்கு. கடைசி முகம் எனக்குத் தெரியவே தெரியாது."

குரியாக்கோஸிடம் போய் உட்கார்ந்தார். "என்னடா சொல்லுவேன் அவகிட்ட?"

குரியாக்கோஸுக்கு அன்று வம்பு பேச வரவில்லை. "டிவி கெட்டுப்போச்சுன்னு சொல்லு. ஒரு மாசம் லீவு தானே. ஓட்டிடலாம்."

"அடுத்த லீவுக்கு?"

"அடுத்த லீவுக்கு நாம இருக்கோமோ இல்லையோ," என்றார் குரியாக்கோஸ்.

ஜூனில் பின்ஸி வந்தாள். மூன்றாம் ஆண்டு நினைவு ஜெபம் காலையில் முடிந்தது. கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். வீட்டில் உறவுக்காரர்கள் கஞ்சியும் பயறும் சாப்பிட்டார்கள், மழைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று மத்தியானமே கிளம்பினார்கள். பின்ஸி முன்னறையின் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு வந்து, சோபாவில் அப்பாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். கையில் ஒரு துண்டு வைத்திருந்தாள், அழுதால் துடைக்க.

"போடு பப்பா."

டிவி கெட்டுப்போனதாகச் சொல்ல அவர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். ஆலீஸ் டீச்சர், வெள்ளைத் திரை, இரண்டு பொத்தான், சம்மதம். ஒன்றையும் மறைக்கவில்லை. அமுக்கியது நான்தான் என்று இரண்டு தடவை சொன்னார்.

பின்ஸி கத்தினாள். "ஒரு காப்பி! ஒரே ஒரு காப்பி வெச்சிருக்கக் கூடாதா? ஊருக்கெல்லாம் எடுத்தியே, அம்மாவோடத ஒரு பென் டிரைவ்ல போட்டு உன் தலமாட்டுல வெச்சிருக்கக் கூடாதா?"

"வீட்டுல வெச்சா வெள்ளம் வந்துடும்னு பயந்துட்டேன், மோளே."

அதற்குமேல் அவளாலும் கத்த முடியவில்லை. துண்டை முகத்தில் வைத்துக்கொண்டாள். "அந்த வருஷம் என் வார்டுல எத்தனை பேர் கண்ண நான் மூடினேன் தெரியுமா? எத்தனை பேருக்கு நான் போனப் பிடிச்சு நின்னேன், அவங்க புள்ளைங்க பாக்கணும்னு. என் அம்மாவ மட்டும் நான் பாக்கல. பாக்க வழி இருந்தும் பாக்கல. தப்பு என்னுதுதான்."

"உன்னுது இல்ல."

"பின்ன யாருது?"

ஈப்பச்சன் யாரைக் கை காட்டுவது? அந்தக் கம்பெனியில் முகம் உள்ள மனுஷர் எவரையும் அவர் கண்டதில்லை. எழுந்து முன்னறையின் நடுவில் போய் நின்றார்.

"நான் சொல்றேன், மோளே. கேமரா பாத்ததெல்லாம் நானும் பாத்தேன். எனக்கு மறக்கல." குனிந்து தரையைக் காட்டினார். "இங்க பெட்டி. தல கிழக்குப் பக்கம். உன் கல்யாணத்துக்குக் கட்டினாளே, பொன்கரை போட்ட சேலை, அதத்தான் கட்டினோம். கையுறை ஒரு விரல்ல கொஞ்சம் பெரிசு, மடிஞ்சு நின்னுது. முகத்துல வலி எதுவும் இல்ல. சத்தியமாச் சொல்றேன். கப்பை வெந்துச்சான்னு பாக்க எழுந்திரிக்கப் போறவ மாதிரி இருந்தா. இடது புருவத்துல அந்தக் கப்பை மாவு ஒட்டியிருந்துச்சு, குளிப்பாட்டியும் போகல. உன் சித்தி தொடைக்க வந்தா. நான்தான் வேண்டாம்னேன்."

பின்ஸி துண்டை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவர் ஒவ்வொரு நிமிடமாகச் சொன்னார். எந்த ஜெபத்தின்போது யார் எங்கே நின்றார்கள், வெளியே போலீஸ்காரர் மணி பார்த்துக்கொண்டே இருந்தது, இருபது பேருக்குமேல் கூடாது என்று அடுத்த வீட்டு லீலாவை வேலிக்கு அப்பால் நிறுத்தியது, அவள் அங்கிருந்தே அழுதது. தேவாலயம்வரை வந்துவிட்டார்.

"அப்புறம் முத்தம். முதல்ல உன் சித்தி குடுத்தா. அப்புறம் அவ வீட்டுக்காரர் பேபி அங்கிள், முகக்கவசத்தக் கழட்டிட்டு. அப்புறம் அவர் பொண்ணுங்க ரெண்டு பேரு. நீ குடுக்கிறதா நெனச்சு உன் பேர்ல சித்தி இன்னொரு தடவை குடுத்தா. அப்புறம் பாதிரி அச்சன் துணிய எடுத்து முகத்த மூடினார். அப்புறம்…"

"நீ?" என்றாள் பின்ஸி.

அவர் நிறுத்தினார்.

"பப்பா, நீ எப்போ குடுத்த?"

"நான் படம் எடுத்துட்டு இருந்தேன், மோளே."

"ஸ்டாண்டுல வெச்சிட்டுப் போயிருக்கலாமே?"

"வெச்சா வர்றவங்க முதுகுதான் தெரியும். அம்மா முகம் மறைஞ்சுடும். உனக்கு முகம் தெரியணுமே." ஈப்பச்சன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எல்லாரும் முடிச்ச பிறகு கடைசியாப் போகலாம்னு இருந்தேன். போலீஸ்காரர் அவசரப்படுத்தினார். நான் குடுத்துட்டேன்னு அச்சன் நெனச்சிருக்கணும். மூடிட்டார். மூடின முகத்த…" சொல்லி முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. குரியாக்கோஸிடம்கூட இல்லை. அந்தப் படத்திலும் இது தெரிந்திருக்காது, எடுத்தவர் படத்தில் இருக்க மாட்டார். முப்பத்தைந்து வருடம் ஒரே பாயில் படுத்தவளுக்குக் கடைசி முத்தம் கொடுக்காத மனுஷனாக மூன்று வருடம் சாப்பிட்டார், தூங்கினார், ஊரார் சாவுக்கெல்லாம் போய் நின்றார். மகள் ஒருநாள் பார்ப்பாள், அது போதும் என்று அதைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

பின்ஸி எழுந்து வந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள், பெட்டி இருந்ததாக அவர் காட்டிய இடத்தில்.

"எனக்காகவா பப்பா?"

"நீ பாப்பேன்னு நெனச்சேன், மோளே," என்றார் ஈப்பச்சன்.